இன்ஜினை மாத்துறதுக்கு முன்னாடி

எங்க அப்பாவோட மாருதி 800-க்கு நானே இன்ஜின் மாத்தப் போறேன்னு போன எபிசோட்ல பெருமையா சொல்லியிருந்தேன். என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

வண்டி 2006 மாடல். காலேஜ் ஹாஸ்டலுக்கு நான் பெட்டி ஏத்திட்டுப் போனது அதுலதான். கொஞ்ச நாளா சிக்னல்ல நிக்கும்போது உதறுது, கத்திப்பாரா பாலம் ஏறத் திணறுது. யூடியூப்ல நாலு இன்ஜின் ஸ்வாப் வீடியோ பார்த்த தைரியத்துல, "இன்ஜின் போச்சுப்பா, மாத்திடலாம்"னு சொல்லிட்டேன். புதுப்பேட்டையில பழைய இன்ஜின் விலைகூட விசாரிச்சாச்சு: 25,000 ரூபாய். அப்பா ஒண்ணுதான் கேட்டார்: "உள்ள என்னடா போச்சு?"

என்கிட்ட பதில் இல்ல. நானும் இன்ஜினியர்தான், ஆனா படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

அப்புறம்தான் அடிப்படையிலிருந்து படிக்க ஆரம்பிச்சேன். காத்தும் பெட்ரோலும் சிலிண்டருக்குள்ள வரும். பிஸ்டன் மேல வந்து அதை அழுத்தும். ஸ்பார்க் பிளக் பத்தவைக்கும், அந்த வேகத்துல பிஸ்டன் கீழ போகும். திரும்ப மேல வரும்போது புகையை வெளிய தள்ளும். இந்த நாலு வேலையும் முடிய கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தணும், அதாவது 720 டிகிரி. மாருதி 800-ல மூணு சிலிண்டர். அப்போ 240 டிகிரிக்கு ஒரு தடவை ஒரு சிலிண்டர் தள்ளுது. அதுல ஒண்ணு சரியா தள்ளலைன்னாலும் வண்டி உதறும்.

பெட்ரோல், காத்து, ஸ்பார்க் மூணும் சரியா இருந்தது. மிச்சம் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன். அதை அளக்க ஒரு கேஜ் இருக்கு. தெரு முனை மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "எடுத்துக்கோ தம்பி, ஆனா பேட்டரி ஃபுல்லா இருக்கணும்"னார். ஃபியூலையும் இக்னிஷனையும் துண்டிச்சுட்டு, மூணு பிளக்கையும் கழட்டி, அப்பா ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சார். நான் கேஜைப் பார்த்தேன். முதல் சிலிண்டர் 90 பிஎஸ்ஐ. ரெண்டாவது 85. மூணாவது 165.

அடுத்தது வெட் டெஸ்ட். பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்திட்டு மறுபடி அளக்கணும். பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் அந்த இடைவெளியை அடைச்சுக்கும், அளவு நல்லா ஏறும். எங்களுக்கு ஏறவே இல்ல. அப்போ கசிவு மேல எங்கயோ இருக்கு. அதுவும் பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கியிருந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட்டை.

ஹெட்டைக் கழட்டினோம். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. சிலிண்டர் சுவர்ல கீறல் இல்ல. ஹெட்டை லேத்ல கொடுத்து மட்டம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டோம். மொத்தம் 4,500 ரூபாய்.

ஆமா மக்களே, நான் இன்ஜின் மாத்தல. ஒரு நல்ல இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள எப்படி இருக்குன்னே தெரியாத இன்னொண்ணை வாங்க இருந்தேன்.

உங்க வண்டிக்கு நிஜமாவே மாத்தணும்னா, முதல் தடவை அதே வகை இன்ஜினே போடுங்க. பெரிய இன்ஜின்னா மவுன்ட், கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர்னு ஒவ்வொண்ணா இழுக்கும். வாங்கப்போற இன்ஜினையும் இதே கேஜ் வெச்சு அளந்துடுங்க. இன்ஜின் நம்பர் ஆர்சியில இருக்கு, அதனால ஆர்டிஓ ஆபீஸ்லயும் முன்னாடியே பேசிடுங்க.

போன ஞாயித்துக்கிழமை அப்பாதான் ஓட்டினார். கத்திப்பாரா மேல ஏறினதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த 25,000-ல எனக்கு நாலு டயர் வாங்கிக் கொடு"ன்னார். அடுத்த எபிசோட் டயர் பத்தித்தான். பார்க்கலாம் மக்களே!