முதற் பொதுத்தேர்தலும் மூதாட்டியின் வினாவும்



தேர்தல் என்றதும் உங்கள் நினைவிற்கு வருபவை சுவரொட்டியும் ஒலிபெருக்கியும், விடிய விடிய வரும் முடிவுகளும் அல்லவா? யார் வென்றார், யார் தோற்றார் என்பதை அறிந்ததும் கதை முடிந்துவிட்டதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலில், முடிவு வெளியான பிறகுதான் கதை தொடங்குகிறது. அத்தகைய கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது 1952ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலின் கதை.

என் பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்தத் தேர்தலில் வாக்குச் சாவடி அலுவலும் பார்த்தவர். அவர் வாயால் கேட்ட செய்தி ஒன்று உண்டு; அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அந்தத் தேர்தலின் புதுமையைப் பார்ப்போம்.

1937லும் 1946லும் நம் மாகாணத்தில் தேர்தல்கள் நடந்தன. ஆயினும் அவற்றில் எல்லாரும் வாக்களிக்க இயலாது. சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்க்கே பெரும்பாலும் அந்த உரிமை இருந்தது. குடியரசு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் இந்த வேலியை அடியோடு பிடுங்கி எறிந்தது. 21 வயது நிரம்பிய எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், உழுபவராயினும் உழுவிப்பவராயினும் வாக்காளரே என்று அது விதித்தது. (1989 முதல் அந்த வயது 18 ஆயிற்று.) சுகுமார் சென் என்னும் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர், நாடெங்கும் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்க்குப் பட்டியல் அமைத்தார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

எழுத்தறியாதவர் எப்படி வாக்களிப்பது? அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவரவர் சின்னம். காங்கிரஸ் கட்சிக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கதிரும் அரிவாளும். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. வாக்காளர் விரலில் அழியா மையிட்டுச் சீட்டைப் பெற்று, மறைவிடத்திற்குச் சென்று, தாம் விரும்பும் பெட்டியில் அதனை இடவேண்டும். எழுத வேண்டுவதில்லை, முத்திரை குத்த வேண்டுவதும் இல்லை.

அன்றைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு அன்று. கடற்கரை ஆந்திரமும் இராயலசீமையும் மலபாரும் தென் கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன. தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஒரே மன்றத்தில் ஒலித்தன. 309 தொகுதிகளிலிருந்து 375 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவற்றுள் 66 தொகுதிகள் இரண்டு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகள். அவ்விரண்டில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ உரியது.

விடுதலைப் போரை நடத்திய காங்கிரஸ் எளிதில் வென்றுவிடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் நாட்டின் நிலை வேறாக இருந்தது. மழை பொய்த்து உணவு அருகியது. பங்கீட்டுக் கடைகளின் முன்னே மக்கள் வரிசையில் நின்றனர். தானியக் கட்டுப்பாட்டினால் உழவரும் நொந்தனர், உண்பவரும் நொந்தனர். தனி மாநிலம் வேண்டும் என்ற ஆந்திர மக்களின் வேட்கை நிறைவேறாது கிடந்தது. கட்சிக்குள்ளும் பிளவு, ஆந்திர கேசரி பிரகாசம் காங்கிரசை விட்டு நீங்கிக் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் முன்நின்றார். பேராசிரியர் ரங்காவோ கிருஷிகார் லோக் கட்சியைக் கண்டார். திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் தானே போட்டியிடவில்லை; தன் கொள்கைக்கு உடன்பட்ட வேட்பாளர் சிலரை ஆதரித்தது.

1952 ஜனவரியில் வாக்குப் பதிவு நடந்தது. முடிவுகள் ஆட்சியாளரைத் திடுக்கிடச் செய்தன. காங்கிரஸ் பெற்றவை 152 இடங்கள். பெரும்பான்மைக்கு வேண்டியவை 188; குறைந்தவை 36. கம்யூனிஸ்டுகள் 62, பிரஜா கட்சியினர் 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியினர் 19, கிருஷிகார் லோக் கட்சியினர் 15, சோஷலிஸ்டுகள் 13, காமன்வீல் கட்சியினர் 6, முஸ்லிம் லீகினர் 5, சுயேச்சைகள் 62 என மன்றம் பல கூறாயிற்று. முதலமைச்சர் குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூரில் தோற்றார். பின்னாளில் முதலமைச்சரான பக்தவத்சலமும் அந்தத் தேர்தலில் தோற்றவரே. மதுரையிலோ, சிறையில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி வென்றார்.

இனி ஆள்வது யார்? கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியினரும் பிறரும் கூடி, பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்தனர். காங்கிரசைவிட எங்கள் எண்ணிக்கையே மிகுதி என்று உரிமை கோரினர். காங்கிரஸ் தரப்பினரோ, தேர்தலுக்குப் பின் கூடிய கூட்டணி ஒரு கட்சி ஆகாது; தனிக் கட்சிகளுள் பெரியது எதுவோ அதனையே அழைக்கவேண்டும் என்றனர்.

இந்த இக்கட்டான வேளையில் காங்கிரஸ் தலைவர்கள் ராஜாஜியை நாடினர். அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். மத்திய உள்துறை அமைச்சராகவும் பணிபுரிந்து ஓய்வு நாடி வந்தவர். அப்போது வயது 73. அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினர் ஆக்கினார். 1952 ஏப்ரல் 10ஆம் நாள் ராஜாஜி முதலமைச்சராகப் பதவி ஏற்றார். ராமமூர்த்தி அந்த நியமனத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியாயிற்று. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் அமைச்சரவையில் சேர்ந்தார். சுயேச்சைகள் பலரும் ஆதரவு தந்தனர். ஜூலை மாதம் மன்றத்தில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தபோது ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் பதிவாயின.

இனி என் பாட்டனார் கூறிய செய்திக்கு வருகிறேன். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், அவருடைய சாவடியில் வாக்களித்த மூதாட்டி ஒருத்தி அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்டாளாம்: “வாத்தியாரையா, புது மந்திரியின் பெட்டி எந்த மூலையிலே இருந்தது? நான் பார்க்கவே இல்லையே!”

பாட்டனார் ராஜாஜியிடம் பேரன்பு கொண்டவர். அவருடைய அறிவையும் தூய்மையையும் எடுத்துச் சொன்னாராம். “அவர் நல்லவர் இல்லையென்று நான் சொன்னேனா? பெட்டி எங்கே என்றுதானே கேட்டேன்” என்றாளாம் அந்த மூதாட்டி. அதற்குத் தம்மால் விடை சொல்ல முடியவில்லை என்று பாட்டனார் பல முறை என்னிடம் கூறியிருக்கிறார்.

நண்பர்களே, அவள் கேட்டது எளிய கேள்வி அன்று. சட்டத்தின் ஏட்டைப் பார்த்தால் எல்லாம் முறையாகவே தோன்றும். முதலமைச்சர் மேலவை உறுப்பினராக இருக்கலாம். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப் பணி இவற்றில் சிறந்தோரை ஆளுநர் மேலவைக்கு நியமிக்கலாம். ராஜாஜி இலக்கியத்திலும் சமூகப் பணியிலும் சிறந்தவர் என்பதை மறுப்பார் யார்? ஆயினும் அறிஞரின் அறிவு மன்றத்திற்குப் பயன்படட்டும் என்று திறந்து வைத்த வாயிலை, ஆட்சித் தலைவர் நுழையும் வாயிலாக ஆக்கலாமா? சட்டத்தின் சொல் ஒன்று. அதன் உள்ளம் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் மக்களாட்சி மாண்புறுகிறது.

மறுதரப்பின் நியாயத்தையும் நாம் மறக்கலாகாது. முன்னணியின் கட்சிகள் கொள்கையில் ஒன்றுபட்டவை அல்ல. உணவு நெருக்கடி தலைக்குமேல் நின்றது. உறுதியான ஓர் ஆட்சி உடனே வேண்டியிருந்தது. ராஜாஜி பதவியேற்ற இரண்டே மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார், மக்கள் மகிழ்ந்தனர். நல்ல செயல் நல்ல செயலே. ஆனால் பயன் நன்றாயிருந்தது என்பது வந்த வழியைப் பற்றிய வினாவிற்கு விடை ஆகுமா? இதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த் தியாகத்திற்குப் பின், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1952இல் சென்னையில் பதவி எய்தாத பிரகாசம், காங்கிரசின் ஆதரவோடு அங்கே முதல் முதலமைச்சர் ஆனார். இங்கே தொடக்கக் கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பினிடையே ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்றத்தில் இடமில்லை. மேலவைக் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அவ்வழி செல்லவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள் முன் நின்று வென்றார்.

அந்தத் தேர்தலிலும் என் பாட்டனாருக்குச் சாவடிப் பணி வாய்த்தது. வாக்களித்துவிட்டு வெளியே வந்த அதே மூதாட்டி, “வாத்தியாரையா, இந்தத் தடவை பெட்டி இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் எந்தப் பெட்டியில் சீட்டை இட்டாள் என்பதை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெட்டிகள் பிற்காலத்தில் ஒன்றாயின. பின்னர் மின்னணுப் பொறி வந்தது. 1985இல் கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1986இல் நம் மாநிலத்து மேலவை கலைக்கப்பட்டது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் அன்று, மன்றத்திலேயே வாக்கெடுத்துத் தீர்மானிக்கவேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோதெல்லாம், முதலில் அழைக்கப்பட வேண்டியவர் யார் என்ற பழைய வழக்கு மீண்டும் மீண்டும் எழுகிறது.

உங்களுள் பலர் விரைவில் முதன்முறையாக வாக்களிப்பீர்கள். விரலில் மை காய்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நம் சீட்டு எங்கே சென்றது, அது யாரை அமர்த்தியது, அவர் எவ்வழி வந்தார் என்று கேளுங்கள். நாம் விரும்பாதவர் வந்தால் மட்டும் அன்று. நாம் போற்றுபவர் வரும்போதும் கேளுங்கள். எழுத்தறியாத அந்த மூதாட்டிக்கு அந்தத் துணிவு இருந்தது. படித்த நமக்கு அது இல்லாமற் போகலாமா?