"டொக்டர், பிள்ளைக்கு நோகுமா?"

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உங்கள் தொழிலைப் பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மயக்கமருந்து வைத்தியர். சத்திரசிகிச்சை முடிந்ததும் எல்லோரும் நன்றி சொல்வது சத்திரசிகிச்சை நிபுணருக்குத்தான். எங்களை நோயாளிக்கே ஞாபகம் இருக்காது. ஆகவே கிடைத்த சந்தர்ப்பத்தை விடப்போவதில்லை.

உயர்தர வகுப்பில் விலங்கியல் ரீச்சர் கரும்பலகையில் கீறிய இருதயப் படம் சிலருக்கு நினைவிருக்கும். கருவிலுள்ள குழந்தைக்கு ஒட்சிசன் தாயிடமிருந்தே வருகிறது. சுவாசப்பைகளுக்கு வேலை இல்லை. அதனால் சுவாசப்பை நாடியையும் பெருநாடியையும் ஒரு சிறு குழாய் இணைத்து, குருதியைத் திருப்பிவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று நாளில் அது தானாகச் சுருங்கி மூடிவிடும். மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு அது திறந்தே இருக்கும். அப்போது குருதி எதிர்த்திசையில் பாய்ந்து சுவாசப்பைகளை நிறைக்கும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறையும்.

இக்குழாயை முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டியவர் பொஸ்ரன் நகரின் ரொபேட் குரொஸ். 1938 ஆகஸ்ட் 26ஆம் திகதி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவருக்கு அப்போது வயது 33. அவருடைய தலைவர் விடுமுறையில் போயிருந்தார்! அன்று மயக்கமருந்து கொடுத்தவர் பெற்றி லாங்க் என்னும் தாதி. அந்தப் பெயரையும் சொல்லாமல் விடமாட்டேன்.

காலப்போக்கில் குறைமாதக் குழந்தைகளுக்கும் இச்சிகிச்சை செய்யப்பட்டது. நான் சொல்ல வந்த விடயம் இனித்தான். 1985இல் அமெரிக்காவில் ஜில் லோசன் என்ற தாயின் குறைமாத மகன் ஜெப்ரிக்கு இக்குழாயைக் கட்டினார்கள். சில வாரங்களில் பிள்ளை இறந்துவிட்டான். பின்னர்தான் தாய்க்குத் தெரியவந்தது, அவனுக்குக் கொடுத்தது தசைகளை அசையாமற் செய்யும் மருந்து மட்டுமே என்று. வலிக்கு எதுவும் கொடுக்கவில்லை. நெஞ்சைத் திறந்தபோது அவனால் கையை இழுக்கவோ அழவோ முடியாது.

அக்காலத்தில் இது புதுமையல்ல. இவ்வளவு சிறிய பிள்ளைக்கு வலி தெரியாது என்று பலர் நம்பினார்கள். மயக்கமருந்தை அந்த உடம்பு தாங்காது என்று வேறு சிலர் பயந்தார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. எனக்கும் ஒவ்வொரு முறையும் அது உண்டு. ஆனால் பயத்துக்குப் பரிகாரம் மருந்தைக் கவனமாக அளப்பதே, கொடுக்காமல் விடுவதல்ல.

லோசன் சும்மா இருக்கவில்லை. கடிதங்கள் எழுதினார், 1986இல் விடயம் பத்திரிகைக்கு வந்தது. அதே காலத்தில் ஒக்ஸ்போர்டில் ஆனந்த் என்ற இந்திய வைத்தியரும் சகாக்களும் இதே சத்திரசிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பென்ரனில் என்னும் வலிநீக்கி பெற்ற பிள்ளைகளின் உடல் அவ்வளவு அதிர்ச்சி அடையவில்லை, சிக்கல்களும் குறைவு. அது 1987இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் பச்சிளங் குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுக்கவேண்டும் என்று அறிவித்தது.

இன்று எங்கள் வேலை எப்படி? 700 கிராம் பிள்ளையின் உடலில் உள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை நிறையாது. நிபுணர் இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே சென்று குழாயைத் தேடுவார். சில பிள்ளைகளில் அது பெருநாடியளவு பருத்திருக்கும். மாறிக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே முதலில் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். காலில் ஒட்டிய ஒட்சிசன் மானியில் துடிப்பு நிற்காமல் இருந்தால் நான் தலையசைப்பேன். அந்தச் சில விநாடிகளில் அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

இப்போது இச்சத்திரசிகிச்சை குறைந்து வருகிறது. சில பிள்ளைகளுக்கு மருந்து போதும். சிலருக்குப் பொறுத்திருந்தாலே மூடிவிடும். தொடை நாளத்தின் வழியே சிறு அடைப்பானைச் செலுத்தி மூடும் முறையும் வந்திருக்கிறது. எனக்கு வேலை குறைவதில் சந்தோஷமே.

பயிற்சிக் காலத்தில் ஒரு தாய் நடைபாதையில் என்னை மறித்து, "டொக்டர், பிள்ளைக்கு நோகுமா?" என்று கேட்டார். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். லோசனின் கதையை வாசித்தது அதற்குப் பிறகு. அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது யாரும் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன மருந்து, எவ்வளவு, அவன் தலைமாட்டில் நான் எவ்வளவு நேரம் நிற்பேன் என்று சொல்கிறேன். குரல்வளைக்குப் போகும் நரம்பொன்று அந்தக் குழாயைச் சுற்றித்தான் செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் குரல் கம்மலாம், அதையும் மறைப்பதில்லை. சுவாசக் குழாயை எடுத்த பின் முதல் அழுகை கேட்கும்வரை, தாயோடு சேர்ந்து நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

வைத்தியத்துறைக்கு வர விரும்பும் தங்கைமார் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள்.