மஞ்சள் புள்ளியும் மலைச்சரிவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, நம் பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டதை எவர் மறப்பார்? சரிவு செங்குத்தானால் ஆபத்து கூடும் என்று நூறு முறை சொல்வதிலும் ஒருமுறை காட்டுவது மேல். அதற்கான கருவி இளைஞர் கையில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டு வெளிவந்த பவர்பொயிண்ட் என்னும் மென்பொருளை நீங்கள் அறிவீர்கள். அதில் ஒரு சரிவகத்தை வரைந்து தொட்டால் மஞ்சள் புள்ளியொன்று தோன்றும். அதை இழுத்தால் பக்கங்களின் சாய்வு மாறும். ஆனால் நமுனுகுல மலைச்சரிவு அந்தப் பட்டியலில் இல்லையே! நாமே கோடிழுத்து எவ்வுருவையும் வரையலாம். ஆயினும் அதற்கு மஞ்சள் புள்ளி வராது.

வழி உண்டு. பவர்பொயிண்ட் கோப்பு பல சிறு கோப்புகளைக் கட்டிய பொதி. முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அப்பொதியை அவிழ்த்தால், உருவங்கள் எழுத்தாக இருப்பதைக் காணலாம். அங்கே நான்கு செய்திகளை எழுத வேண்டும்.

முதலாவது, மாறக்கூடிய ஓர் எண். 50000 என்றால் பாதி. 100000 என்றால் முழுமை. இரண்டாவது, சூத்திரம்: உயரத்தை அவ்வெண்ணால் பெருக்கி 100000ஆல் வகுத்தால், மேலிருந்து உச்சி எவ்வளவு கீழே என்பது கிடைக்கும். மூன்றாவது, மஞ்சள் புள்ளி நிற்கும் இடமும் அதன் எல்லையும். நான்காவது, கோடு செல்லும் பாதை: இடது அடியிலிருந்து வலது உச்சிக்கு, அங்கிருந்து நேர்கீழே, பின் தொடங்கிய இடத்துக்கு.

எல்லையை மறவாதீர்கள். எல்லை இன்றேல், புள்ளியை இழுப்பவர் மலையையே தலைகீழாக்கிவிடுவார்! கட்டளையில் பிழை நேர்ந்தால் கோப்பே திறக்காது போகலாம். பிரதி எடுக்கச் சொன்னது அதற்காகவே.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். இலவசமாய்க் கிடைக்கும் லிப்ரே ஒபீசிலும் இத்தகைய உருவங்களுக்குச் சூத்திரமும் கைப்பிடியும் உண்டு; எழுதும் முறை மட்டுமே வேறு.

அன்பர்களே, இப்படம் நில அளவை அன்று. அபாய எச்சரிக்கை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. ஆனால் அந்த எச்சரிக்கை ஏன் என்பதை லயத்துத் தாய்மாருக்கு விளக்கவும், மழை இரவில் வீட்டை விட்டு எழுந்து வரச் செய்யவும் இப்படம் உதவும். ஒரு புள்ளியை இழுக்கும் விரல் ஓர் உயிரைக் காக்குமாயின், கற்ற கல்விக்கு அதனினும் பெரிய பயன் வேறென்ன?