திருத்தமும் அதே வழியில் போகட்டும்



இணையம் நலமாக இருக்க யார் என்ன செய்ய வேண்டும் என்பதே சென்னீர்குப்பத்தில் இன்றைய பேச்சு. அதை நம் மாவட்டத்திலும் வெளியிலும் நடந்த இரண்டு சம்பவங்களிலிருந்து தொடங்குகிறேன்.

2018 மே மாதம், வட மாநிலத்தவர் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி பரவியது. போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் பல்லாவரத்தைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதே வாரம், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பெற்ற பிள்ளைக்காகப் பயந்த ஜனங்களை ஒரு பொய் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய ஒரு காணொளியில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். உண்மை இருந்த இடத்தை மட்டும் நறுக்கிவிட்டு மீதியை ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

ஐந்தாண்டு கழித்து, 2023 மார்ச்சில், அதே பயம் திசை மாறி வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று காணொளிகள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து பார்த்தது. அம்பத்தூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளில் நம்மோடு வேலை பார்ப்பவர்களின் வீட்டார், பீகாரில் எப்படித் தவித்திருப்பார்கள்! 2018இல் அவர்களைப் பற்றி நம்மிடம் பொய்; 2023இல் நம்மைப் பற்றி அவர்களிடம் பொய்.

இப்படிப் புரளி பரவும் வேகத்தை வாட்ஸ்அப் நிறுவனம் நினைத்தால் குறைக்க முடியும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கியதும், அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. அத்தனை உயிர் போகுமுன் இதைச் செய்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

ஆனால் வேகத்தடை மட்டும் போதாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன் தொடக்க காலத்தில் தனியாளாக எழுதிக் குவித்தார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அங்கேயும் யார் வேண்டுமானாலும் தவறாக எழுதலாம். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து, எப்போது, எந்த வரி மாறியது என்பது ‘வரலாறு’ப் பக்கத்தில் நிற்கிறது. சான்று கேட்கலாம், உரையாடல் பக்கத்தில் வாதாடலாம், பழைய வடிவத்துக்குத் திருப்பலாம். பொது விஷயங்களைப் பேச ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பொய் எழுதப்பட்ட அதே இடத்தில் திருத்தமும் எழுதப்படுகிறது. வாட்ஸ்அப்பில் பொய் ஐம்பது குழுவுக்குப் போகும். மறுப்பு ஒரு குழுவோடு நின்றுவிடும். நலமான இணையத்தை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நான் அளப்பேன்.

ஆகவே தெருக் குழு, பள்ளிக் குழு, குடியிருப்போர் சங்கக் குழு நடத்தும் அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். பிறர் போட்ட பதிவுக்கு வெறும் அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. சட்டம் விட்டாலும் நாம் விடக்கூடாது. பொய்யான செய்தி வந்தால் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். ‘இது பொய், காரணம் இது’ என்று அதே குழுவில் எழுதுங்கள். அனுப்பியவரை அவமானப்படுத்தாமல், அவர் வேறு எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினாரோ அங்கெல்லாம் இந்த மறுப்பையும் அவர் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். இந்த வழக்கத்தை இன்று இரவே சென்னீர்குப்பத்தில் தொடங்குங்கள்.