பற்றுக்கணக்கும் ஒரு பேராசிரியரும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிக்கன நாணயச் சங்கம் தொடங்கலாமா என்று இன்று நாம் வாக்கெடுக்க இருக்கிறோம். அதற்குமுன் கனடா நாட்டு அறிஞர் ஒருவரைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

அவர் பெயர் எஸ்ட்ராஸ் மின்வில். பொருளியலும் சமூகவியலும் அறிந்தவர். கியூபெக் மாகாணத்தின் காஸ்பே கடற்கரையில் கிராண்ட் வாலே என்ற ஊரில் 1896-இல் பிறந்தார். பிரெஞ்சு பேசும் மீனவர் குடும்பம். அந்தக் கரையில் ஜெர்சித் தீவு வணிகர்கள் நெடுங்காலம் கோலோச்சினார்கள். மீனவன் பிடித்த காட் மீனுக்குக் காசு தரமாட்டார்கள். அவர்கள் கடையிலேயே மாவும் துணியும் வாங்கிக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பற்றுக்கணக்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

மாகாணத்தில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு மக்கள். ஆனால் பெரிய ஆலைகளும் வங்கிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையிலும் அமெரிக்க முதலாளிகள் கையிலும் இருந்தன. மின்வில் மாண்ட்ரியல் உயர் வணிகக் கல்லூரியில் பயின்று, 1925-இல் ஒரு பொருளாதார இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1938-இல் அதே கல்லூரிக்கு இயக்குநரானார். பிரெஞ்சுக் கனடியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1962 வரை பொறுப்பில் இருந்தார்.

நாற்காலி கிடைத்ததும் ஊரை மறந்தாரா? இல்லை. அதே 1938-இல் கிராண்ட் வாலேயில் ஒரு குடியேற்றத்துக்கு வழிவகுத்தார். காட்டை வெட்டிக் கம்பெனிக்குக் கூலியாவதற்குப் பதில், வயலையும் காட்டையும் சேர்த்து, கூட்டுறவு முறையில் மக்களே பிழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1953-இல் மாகாண அரசு அமைத்த திராம்பிளே ஆணையத்திலும் உறுப்பினரானார். தன் பண்பாட்டைக் காக்கவேண்டிய மாகாணத்துக்கு வரி விதிக்கும் உரிமையும் வேண்டும் என்று அதன் 1956-ஆம் ஆண்டு அறிக்கை வாதாடியது.

குறையையும் சொல்வோம். அவர் கத்தோலிக்கத் திருச்சபை வழி வந்த பழமைவாதி; அரசு பெரிதாகத் தலையிடுவதை விரும்பாதவர். 1960-களில் கியூபெக் அவரைத் தாண்டிச் சென்றது; 1962-இல் மின்சாரத்தை அரசுடைமை ஆக்குவதென்று மக்கள் வாக்களித்தார்கள். 1975-இல் மின்வில் காலமானார்.

தோழர்களே, அவர் கருத்தையெல்லாம் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஏற்போம்: மொழி மேடையில் மட்டும் வாழாது, கணக்குப் புத்தகம் நம் கையில் இருக்கவேண்டும். ஆதரிப்போர் கைதூக்குங்கள்.