தீயிற் பிழைத்த திரைப்படங்கள்



சத்தியஜித் ராய் 1955 முதல் 1959 வரை வங்க மொழியில் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ என்னும் மூன்று திரைப்படங்களும் அபு என்பவனின் வாழ்வைக் கூறுவன. ராய் மறைந்த மறு ஆண்டில், 1993இல், இலண்டன் ஆய்வுகூடமொன்றில் மூண்ட தீ அவற்றின் மூலச் சுருள்களைக் கருக்கிவிட்டது.

கருகிய சுருளைக் குப்பையென்றே பலரும் கருதுவர். ஒஸ்கார் விருது வழங்கும் அமெரிக்கக் கழகமோ எஞ்சியவற்றைத் தன் காப்பகத்திற் பேணியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின், கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை மீட்க முன்வந்தது. இத்தாலியின் பொலோஞா நகர வல்லுநர்கள், உலர்ந்து நொறுங்கும் நிலையிலிருந்த சுருள்களுக்கு ஈரமூட்டினர். சிதைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே செப்பனிட்டனர். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 வீதமும், ‘அபராஜிதோ’வில் 60 வீதத்துக்கு மேலும் மூலச் சுருளிலிருந்தே மீண்டன. எஞ்சிய பகுதிகளுக்கும் மூன்றாம் படத்துக்கும் வேறு பிரதிகள் கைகொடுத்தன.

2015இல் மூன்றும் புளூ-ரே இறுவட்டுகளாக வெளிவந்தன. வெண்பூக்கள் நிறைந்த புல்வெளியினூடே புகையிரதத்தைக் காண அபுவும் துர்க்காவும் ஓடும் காட்சியை இன்று வீட்டிலிருந்தே தெளிவாகக் காணலாம். அந்தத் தெளிவு, கரிந்த சுருளையும் எறியாது காத்தவர்கள் அளித்த கொடையாகும். கலையைப் படைத்தல் அரிது. அதனைப் பேணலும் அதற்குக் குறைந்த பணியன்று.