களத்திலும் தலை வணங்காதவர்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்து மேடையில் கூடைப்பந்து வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். பில் ரசல் அவர்களின் வாழ்வே ஒரு பாடம் என்பதால்தான் அதனை நாம் இன்று எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் ரசல். நிறவெறி மிகுந்த அவ்வூரை விட்டு அவர்தம் குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். பள்ளி அணியில் அவர் சிறந்த ஆட்டக்காரர் அல்லர். நீக்கப்படும் நிலையிலேயே இருந்தார். பயிற்சியாளர் ஒருவர் நம்பிக்கை வைத்து அவரைக் கைவிடாது காத்தார். பின்னர் உதவித்தொகை அளிக்க முன்வந்தது சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றே. அதன் அணி 1955, 1956 ஆகிய ஈராண்டும் தேசிய வாகை சூடியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கமும் கிட்டியது.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்கள் ஆடி, 11 முறை வாகை சூடினார். எதிரியின் பந்தைத் தடுப்பதே அவருடைய தனித்திறன். தடுத்த பந்தைக் கூட்டத்தினரிடையே வீசியடிக்காமல், தம் தோழர் கைக்குச் சேர்ப்பார். தன் பெருமையினும் அணியின் வெற்றியே பெரிதெனக் கருதிய உள்ளம் அது.

1961இல் கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் கறுப்பின வீரர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது. தனிக்குவளையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ரசலும் தோழர்களும் அன்றைய ஆட்டத்தில் ஆட மறுத்து ஊர் திரும்பினர்.

1966இல் அவர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். அச்சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. வெள்ளை வீரர்களை நடுநிலையோடு நடத்த முடியுமா என்று அன்றே நிருபர் ஒருவர் வினவினார். வெள்ளைப் பயிற்சியாளர் எவரிடமேனும் அவ்வினா எழுப்பப்பட்டதுண்டா? முடியும் என அமைதியாக விடையிறுத்தார் ரசல். 1967இல் அணி தோற்றது. ஆனால் 1968இலும் 1969இலும் வாகை மீண்டும் அவர் கைக்கு வந்தது. பின்னாளில் சியாட்டில் அணியையும் அவர் பயிற்றுவித்தார். சாக்ரமென்டோவில் வெற்றி கிட்டவில்லை. அதையும் மறைக்க வேண்டுவதில்லை.

பெருமைகளும் தேடி வந்தன. 1975இல் புகழ் மண்டபம் அவரைத் தேர்ந்தபோது, தமக்கு முன்னோடிகளான கறுப்பின வீரர்கள் அங்கு இடம்பெறவில்லையே என விழாவுக்குச் செல்ல மறுத்தார். 1950இல் அச்சங்க அணிகள் தேர்ந்த முதல் கறுப்பின வீரரான சக் கூப்பர் 2019இல் சேர்க்கப்பட்ட பின்னரே தம் மோதிரத்தை ஏற்றார். 2011இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அணிவித்தார். 2021இல் பயிற்சியாளராகவும் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். 2022இல் அவர் மறைந்தபின், அவர் அணிந்த 6ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என எல்லா அணிகளும் முடிவு செய்தன.

இளைஞர்களே! முன் சென்றோரை மறந்து தாம் மட்டும் ஏறிய பீடத்தை அவர் பெருமையென ஏற்கவில்லை. நம்மில் ஒருவர் உயரும்போது, அவ்வழியைத் திறந்தவர் எவரென நினைவுகூர்வோம். பின் வருவோர்க்கு அவ்வழியை அகலமாக்குவோம்.